உடல் ஓர் அமானிதம்

 

ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பள்ளிவாசலின் வெளித் திண்ணையில் சற்று நேரம் அமர்ந்திருப்பது என் வழக்கம். கூட்டத்தின் நடுவே கேட்கத் தயங்குவோர் அங்கே வந்து கேட்பார்கள். பாகப் பிரிவினை, வட்டிக் கடன், மணமுறிவு என்று வந்துகொண்டிருந்த கேள்விகளுக்கிடையே, அண்மைக் காலமாகப் புதிய கேள்வியொன்று அடிக்கடி எழுகின்றது. "ஹஜ்ரத், எடையைக் குறைக்க ஆப்பரேஷன் செய்துகொள்ளலாமா? ஊசி போட்டுக்கொள்ளலாமா? மார்க்கத்தில் அதற்கு இடமுண்டா?" என்பதே அது.

இக்கேள்வி முதன்முதலாக என்னிடம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இளைஞர் ஒருவர் தம் தாயாருக்காகக் கேட்டார். அந்த அம்மையாருக்கு அப்போது வயது 46. உயரம் 154 சென்டிமீட்டர். எடை 104 கிலோ. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். முழங்கால் வலியால் நாற்காலியில் அமர்ந்தே தொழுதுவந்தார். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவையை மருத்துவர் பரிந்துரைத்திருந்தார். நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. "நோயில்லாத உறுப்பை வெட்டியெடுப்பது இறைவனின் படைப்பை மாற்றுவதாகும். உணவைக் குறைக்கச் சொல்லுங்கள், திங்களும் வியாழனும் நோன்பு நோற்கச் சொல்லுங்கள்" என்றேன். "சரி, ஹஜ்ரத்" என்று கூறி அவர் சென்றுவிட்டார்.

ஐந்தாண்டுகள் கழித்து அவரை மீண்டும் சந்தித்தேன். தாயாரின் வலக்காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டதாகவும், சிறுநீரகங்கள் பழுதுற்று வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துவருவதாகவும் கூறினார். "நீங்கள் சொன்னதை உம்மா அப்படியே ஏற்றுக்கொண்டார்கள், ஹஜ்ரத்" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் என் மனம் சற்றேனும் ஆறுதல் அடைந்திருக்கும்.

அறுவை செய்திருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று அறுதியிட்டுக் கூற நான் மருத்துவன் அல்லேன். ஆனால் ஒன்றை அறிவேன். அந்த அறுவை எத்தகையது, யாருக்குச் செய்யப்படுவது, செய்யாது விட்டால் விளைவது யாது என்று ஒரு மருத்துவரிடமும் கேட்டறியாமலே நான் தீர்ப்புரைத்துவிட்டேன்.

அபூதாவூத் நூலில் இடம்பெறும் ஒரு நிகழ்ச்சியை நாங்கள் மதரஸாவில் ஓதியிருக்கின்றோம். பயணம் ஒன்றில் ஒருவரின் தலையில் கல்பட்டுக் காயமுண்டாயிற்று. அந்நிலையில் அவர்மீது குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளத் தமக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அம்மனிதரைக் கொன்றவர்கள் அந்தத் தோழர்களே என்று கடிந்துரைத்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்றும், அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்றும் கருத்துப்படக் கூறினார்கள். பாடமாக ஓதிய இந்த ஹதீஸ் என் நாவில் இருந்தது. தேவைப்பட்ட நேரத்தில் நெஞ்சில் இல்லாமற் போயிற்று.

அதன் பின்னர் நான் கேட்டறியத் தொடங்கினேன். மருத்துவர்களிடம் கேட்டேன், ஃபிக்ஹு அறிஞர்களிடம் கேட்டேன், அறுவை செய்துகொண்டோரிடமும் கேட்டேன். அவ்வாறு அறிந்தவற்றைத் தங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பருமன் ஒரு பழியன்று

முதலில் எண்ணத்தைத் திருத்திக்கொள்வோம். பருத்த உடல் கண்டால் "பெருந்தீனி" என்று முடிவுகட்டுவது நம்மிடையே உள்ள கெட்ட வழக்கம். உணவு ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பரம்பரை, தைராய்டுக் குறை, பெண்களுக்குச் சினைப்பையில் உண்டாகும் நீர்க்கட்டிகள், சில நோய்களுக்காக உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்துகள், உறக்கக் குறைவு ஆகிய பலவும் எடையைக் கூட்டுகின்றன. மேலும், எடை குறையத் தொடங்கியதும் உடல் தன்னைத்தானே காத்துக்கொள்ள முனைகின்றது. பசியைத் தூண்டும் சுரப்பு மிகுகின்றது. மன உறுதி மிக்கவர்களும் பட்டினி கிடந்து குறைத்த எடையை மீண்டும் பெறுவது இதனாலேயே.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அண்ணலாரோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியை நீங்கள் அறிவீர்கள். இளமையில் ஓடியபோது அன்னையார் வென்றார்கள். பின்னர் உடல் சதைபற்றியிருந்த காலத்தில் மீண்டும் ஓடியபோது அண்ணலார் வென்றார்கள். முன்னர்த் தோற்றதற்கு இது ஈடாயிற்று என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். அன்னையாரின் உடலைக் குறித்து ஒரு சொல்லும் இல்லை. மனைவியரின் எடையைப் பிறர் முன்னிலையில் கேலி பேசும் கணவன்மார் இதனைச் சிந்திக்க வேண்டும்.

வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. பத்தாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் வடபுலத்து லியோன் நாட்டை ஆண்ட சாஞ்சோ என்னும் கிறித்தவ அரசர், குதிரையேறவும் இயலாத அளவு பருத்திருந்தார். அதைக் காரணம் காட்டிப் பிரபுக்கள் 958ஆம் ஆண்டு அவரை அரியணையிலிருந்து இறக்கினார்கள். அவருடைய பாட்டியார், நவார் நாட்டு அரசி தோதா, குர்துபாவின் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் உதவியை நாடினார். கலீஃபாவின் அவையில் இருந்த யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் அரசருக்குச் சிகிச்சை அளித்தார். உடல் மெலிந்த சாஞ்சோ, குர்துபாவின் படைத்துணையோடு 960 வாக்கில் அரியணையை மீட்டார். சொந்த நாட்டார் எள்ளி நகையாடிய ஒன்றைக் குர்துபா நோயாகக் கண்டு மருந்தளித்தது. நமக்கும் அந்தப் பார்வையே வேண்டும்.

எந்த அளவு எடை நோயாகின்றது? அதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் குறித்த உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண்ணைப் பி.எம்.ஐ. என்பர். உலகப் பொதுக் கணக்கில் 25க்கு மேல் அதிக எடை. 30க்கு மேல் உடற்பருமன். இந்தியரின் உடலில் அதே எடைக்குக் கொழுப்பு மிகுதி. அதுவும் வயிற்றைச் சுற்றிச் சேர்வது மிகுதி. ஆதலின் இந்திய மருத்துவர்கள் 2009இல் அவ்வரம்புகளை 23, 25 என்று குறைத்து வகுத்தனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை வேண்டும். நான் மேலே குறிப்பிட்ட அம்மையாரின் எண் ஏறத்தாழ 44. அஃது அழகு பற்றிய வினா அன்று. உயிர் பற்றிய வினா.

யாருடைய கண்ணுக்காக?

இப்போது மற்றொரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். சென்ற ஆண்டு ஒரு தந்தை அதே திண்ணைக்கு வந்தார். மகளுக்கு 23 வயது. 160 சென்டிமீட்டர் உயரம். 68 கிலோ எடை. நோய் ஒன்றும் இல்லை. பெண் பார்க்க வந்த இரு வீட்டாரும் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டு, "பிள்ளை கொஞ்சம் பருமன்" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். தாயார் யாரோ சொன்னதைக் கேட்டு மூலிகைத் தூள் டப்பா ஒன்றை வாங்கி வந்து கலக்கிக் கொடுத்திருக்கின்றார். மூன்றே வாரத்தில் பிள்ளைக்கு நெஞ்சு படபடப்பு, இரவில் உறக்கமில்லை. தூளை நிறுத்திவிட்டார்கள். "அறுவை செய்துவிட்டால் வேலை முடிந்துவிடுமே, ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

அந்தப் பிள்ளையின் எண் 26½. எந்த மருத்துவ வரையறையிலும் இந்த எண்ணுக்கு, நோயில்லாத உடலுக்கு, அறுவை கிடையாது. "உங்கள் மகளுக்கு வேண்டியது அறுவை அன்று, பாய், வேறு சம்பந்தம்தான்" என்றேன். காலையில் நடப்பதும் உணவைக் கவனிப்பதும் அவளுக்கு நல்லது என்றும் கூறினேன். அது மாப்பிள்ளை வீட்டாருக்காக அன்று, அவள் உடலுக்காக.

இறைவனின் படைப்பை மாற்றுவது பற்றிய எச்சரிக்கை திருமறையின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கின்றது. அதனை நான் பொருந்தாத இடத்தில் எடுத்து ஓதினேன். நோயை நீக்கவும் உடற்குறையைச் சீர்செய்யவும் செய்யப்படும் மருத்துவம் அவ்வெச்சரிக்கைக்குள் அடங்காது என்பதே ஃபிக்ஹு அறிஞர்கள் விளக்கும் வேறுபாடு. மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவிய மார்க்கம் இது. கத்தியும் நமக்கு அந்நியமன்று. குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறுவைக் கருவிகளைப் படங்களோடு வரைந்து நூலியற்றியவர். ஆனால் நோயற்ற உடலைப் பிறர் கண்ணுக்காக வெட்டுவது வேறு. தோலின் அடியிலுள்ள கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் லைப்போசக்‌ஷன் இதற்குச் சான்று. பதினைந்து பெண்களுக்கு இவ்வாறு ஏறத்தாழ பத்துக் கிலோ கொழுப்பை எடுத்த பின்னரும் சர்க்கரையைக் கையாளும் உடலின் திறன் மேம்படவில்லை என்று 2004இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிற்று. உருவம் மாறிற்று, உள்நிலை மாறவில்லை.

டப்பாவில் அடைத்த வாக்குறுதி

கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் தூள்களையும் மாத்திரைகளையும் பார்ப்போம். உடலை விரைவில் இளைக்க வைப்பதாகச் சொல்லப்பட்ட மருந்துகளின் வரலாறு துயரமானது. 1930களில் டைநைட்ரோஃபீனால் என்னும் வேதிப்பொருளை அமெரிக்காவில் பலர் உட்கொண்டனர். எடை குறைந்தது, பலருக்குக் கண்புரை வந்தது, சிலர் உடல் வெப்பமேறி இறந்தனர். 1938இல் அது மனிதர் உண்ணத் தகாதது என்று ஒதுக்கப்பட்டது. ஃபென்ஃபுளூரமைன் இதய வால்வுகளைக் கெடுத்தமையால் 1997இல் திரும்பப் பெறப்பட்டது. ரிமோனபன்ட் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் உண்டாக்கியதால் ஐரோப்பாவில் 2008இல் நிறுத்தப்பட்டது. சிபுட்ரமைன் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் மிகுவித்ததால் 2010இல் மேலைநாடுகளில் நீக்கப்பட்டது. 2011இல் இந்தியாவும் தடை செய்தது.

தடை செய்யப்பட்ட இந்தச் சிபுட்ரமைன் பிறகும் மறையவில்லை. "முற்றிலும் மூலிகை" என்று விற்கப்பட்ட இளைப்புப் பொருள்களில் அது இரகசியமாகக் கலக்கப்பட்டிருந்ததை அமெரிக்க அரசின் மருந்துத் துறை பன்முறை கண்டறிந்து எச்சரித்திருக்கின்றது. இதயத்தைப் படபடக்க வைப்பது அதன் இயல்பு. அந்தப் பிள்ளை குடித்த டப்பாவில் என்ன இருந்தது என்பதை எவரும் சோதிக்கவில்லை. சோதிக்கப்படாததைப் பெற்ற மகளுக்குக் கலக்கிக் கொடுத்தோமே என்பதுதான் அந்தத் தாயின் வேதனை.

மீன் குழம்பில் இடும் குடம்புளி தெரியுமல்லவா? அதன் சாரத்தைக் குளிகையாக்கி எடை குறைக்கும் மருந்தென்று உலகெங்கும் விற்கின்றார்கள். 1998இல் 135 பேரிடம் பன்னிரண்டு வாரம் சோதித்ததில், வெற்று மாத்திரை உண்டவர்களைவிட அவர்கள் கூடுதலாக ஒன்றும் இளைக்கவில்லை. அத்தகைய குளிகைகளால் சிலரின் கல்லீரல் கெட்டதாகவும் மருத்துவக் குறிப்புகள் உண்டு. குழம்பில் இருக்கும்வரை அது சுவை; அத்தோடு நிற்கட்டும்.

டப்பாவின்மேல் உள்ள உரிம எண்ணைக் காட்டி, "அரசு அனுமதித்தது" என்பார்கள். அஃது உணவுப் பொருளுக்கான உரிமம். நோய் தீர்க்கும் என்று சோதித்தறிந்த சான்றிதழ் அன்று. "மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று" என்று அதே டப்பாவில் சிறிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பதே சட்டம். படித்துப் பாருங்கள். குளிகையின் உறை எவ்விலங்கின் ஜெலட்டின் என்பதையும் கேளுங்கள். தாவர நாரால் செய்த உறைகளும் இன்று கிடைக்கின்றன. ஆனால் உறை ஹலாலாக இருப்பதனாலேயே உள்ளிருப்பது நன்மையாகிவிடாது.

வார ஊசி

மருத்துவர்கள் பரிந்துரைக்கும் புதிய ஊசி மருந்துகள் வேறு வகை. செமாக்ளுடைட், டிர்செபடைட் என்பன அவற்றின் பெயர்கள். எடைக் குறைப்புக்கான இவ்விரு வார ஊசிகளும் 2025இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. உண்டபின் குடல் இயல்பாகச் சுரக்கும் நிறைவுணர்ச்சியை இவை நீட்டிக்கின்றன. முன்னதால் 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 விழுக்காடு குறைந்தது என்று 2021இல் வெளியான ஆய்வும், பின்னதால் 72 வாரத்தில் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது என்று 2022இல் வெளியான ஆய்வும் கூறுகின்றன. 100 கிலோ எடையுள்ளவர் 80க்கு வருவது சிறிய செய்தியன்று.

ஆயின் மறுபக்கமும் அறிய வேண்டும். ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்பதையும் ஆய்வாளர்களே கண்டனர். மாதந்தோறும் ஆயிரக்கணக்கில் செலவாகும் மருந்து இது. தொடங்குமுன், நிறுத்தாமல் தொடர நம்மால் இயலுமா என்று கணக்கிட வேண்டும். குமட்டலும் வாந்தியும் பலருக்கு வரும். சிலருக்குப் பித்தப்பைக் கற்களும் கணைய அழற்சியும் வரக்கூடும். தைராய்டில் ஒருவகைப் புற்றுநோய் வந்த குடும்பத்தார்க்கும், கருவுற்றவர்களுக்கும், கருத்தரிக்க விரும்புவோருக்கும் இது கூடாது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பொருளன்று.

இதனால் நோன்பு முறியுமா என்று கேட்கின்றார்கள். உணவாகச் செலுத்தப்படாத ஊசி நோன்பை முறிக்காது என்பது இக்கால ஃபிக்ஹு அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. ஆனால் சர்க்கரை மாத்திரையும் சேர்த்து உட்கொள்பவர்களுக்கு நோன்பின்போது சர்க்கரை அளவு தாழ்ந்து ஆபத்து நேரலாம். ரமலானுக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவைச் சீர்செய்துகொள்வது கடமை.

கத்தியின் கணக்கு

அறுவைக்கு வருவோம். அமெரிக்காவின் அயோவா நகரில் எட்வர்ட் மேசன் என்பவர் 1966இல் இரைப்பை மாற்றுவழி அறுவையைத் தொடங்கினார். இன்று பெரிதும் செய்யப்படுபவை இரண்டு. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுக்கப்பட்டு, எஞ்சியது வாழைப்பழ வடிவில் குறுகிய குழாயாக நிற்கும். எடுத்ததைத் திரும்ப வைக்க இயலாது. மற்றொன்றில் இரைப்பையின் மேற்பகுதி சிறு முட்டையளவு பையாகப் பிரிக்கப்பட்டு நேரே சிறுகுடலோடு இணைக்கப்படும். இடம் குறைவதோடு பசியைத் தூண்டும் சுரப்புகளும் மாறுவதால், உடல் எடையில் கால் பங்குக்குக் குறையாமல் இறங்குவது வழக்கம். பலருக்குச் சர்க்கரை நோயும் கட்டுக்குள் வருகின்றது. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிப் பல்லாண்டு நடந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளிவந்தது. அறுவை செய்துகொண்டோரிடையே மரணம், செய்துகொள்ளாதோரைவிடக் குறைவாக இருந்தது. அந்த முடிவு வெளியாகிச் சில ஆண்டுகள் சென்ற பின்னரே என்னிடம் அந்த இளைஞர் வந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் வெட்கமுறுகிறேன்.

யாருக்கு இது பொருந்தும்? எண் 37.5க்கு மேல் உள்ளவர்களுக்கும், 32.5க்கு மேல் இருந்து சர்க்கரை முதலிய நோய்களும் உள்ளவர்களுக்கும் என்று 2009இல் இந்திய மருத்துவர்கள் வகுத்தனர். 2022இல் பன்னாட்டு அறுவை மருத்துவச் சங்கங்கள் ஆசியர்களுக்கு அவ்வரம்பை 27.5 வரை தளர்த்தின. வரம்புக்குள் வருவதனாலேயே அறுவை கட்டாயமாகிவிடாது. மற்ற வழிகளை முறையாக முயன்ற பின்னரே இது.

இதன் விலை பணம் மட்டுமன்று. பழகிய கைகளிலும் ஆயிரத்தில் ஒருவர் அளவில் உயிரிழப்பு நேர்கின்றது. தையல் கசிவு, இரத்தக் கசிவு, கால் நரம்பில் உறைகட்டி ஆகியவையும் உண்டு. அறுவைக்குப் பின் வாழ்நாள் முழுதும் பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி ஆகியவற்றை உட்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் இரத்தம் சோதிக்க வேண்டும். பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு குவளை நீரும் அருந்த இயலாத முதல் மாதங்களில் நோன்பு பொருந்தாது. நோயாளிக்கு அளித்த சலுகையை ஏற்று, மருத்துவர் இசைந்தபின் கழாச் செய்துகொள்ளலாம். பழைய உணவுப் பழக்கம் திரும்பினால், சிறுத்த இரைப்பையும் மெல்ல விரியும், எடையும் திரும்பும்.

ஆதலின் மருத்துவரிடம் வெட்கமின்றிக் கேளுங்கள். இதுவரை எத்தனை பேருக்குச் செய்தீர்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? வீடு திரும்பிய பின் என்னைக் கவனிப்பவர் யார்? விளம்பரமும் தள்ளுபடியும் காட்டி அழைக்கும் இடத்தில் இக்கேள்விகளுக்கு விடை கிடைக்காவிடில் திரும்பிவிடுங்கள். வட்டிக்குக் கடன் வாங்குமுன், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சென்று ஆலோசனை கேளுங்கள்.

ஒரு மார்க்கச் செய்தியும் உண்டு. அறுவைக்குப் பின் இரத்தம் உறையாதிருக்கச் செலுத்தும் ஹெப்பரின் வகை ஊசிகள் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகின்றன. பலர் இதை அறியாமலே போட்டுக்கொள்கின்றனர். அறிந்த சிலர் அஞ்சி மறுத்துவிடுகின்றனர். இரண்டும் முறையன்று. முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஃபோண்டாபரினக்ஸ் என்னும் செயற்கை மருந்து உண்டு. தம் நோயாளிக்கு அது பொருந்துமா என்பதை அவர் தீர்மானிப்பார். பொருந்தாவிடில், நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதும் ஆகுமாகும் என்னும் திருமறையின் சலுகை உயிர்காக்கவே அருளப்பட்டது. அதை மறுத்து உயிரை மாய்ப்பது பேணுதல் ஆகாது.

வீட்டுத் தாம்பாளம்

தூளை விலக்கினோம், ஊசியையும் கத்தியையும் எடை போட்டோம். இவை எல்லாவற்றுக்கும் முன்னும் பின்னும் நிற்பது வீட்டு உணவு. சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரிடம் நடத்திய ஆய்வை 2006இல் வெளியிட்டனர். உணவுக் கட்டுப்பாட்டையும் நடையையும் மேற்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் உண்டவர்களுக்கு 26.4 விழுக்காடு. இரண்டையும் சேர்த்தவர்களுக்கு 28.2 விழுக்காடு. அதாவது, நடையும் உணவும் மாத்திரைக்குச் சற்றும் சளைக்கவில்லை. மாத்திரையைச் சேர்த்ததால் கூடுதல் பயனும் இல்லை.

ஆனால் உணவு தனியொருவர் கையில் இல்லை. நம் வீடுகளில் நிகழ்வது என்ன? எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அந்த உம்மாவே, மற்ற எண்மருக்கும் நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆக்கி, மிஞ்சியதை வீணாக்க மனமின்றித் தாமே உண்டு முடிக்கின்றார். இரவு பதினொரு மணிக்குக் கடையிலிருந்து மகன் பரோட்டா வாங்கி வருகின்றான். நோன்பு திறக்கையில் கஞ்சியோடு வடையும் சமோசாவும் சர்பத்தும் தராவீஹுக்குப் பின் மற்றொரு சாப்பாடும். முப்பது நோன்பு நோற்று மூன்று கிலோ கூடியவர்களை நான் அறிவேன். பசியைப் பயிற்றுவிக்க வந்த மாதம் பசியாறும் மாதமாகிவிடுகின்றது. உணவுக்கு மூன்றில் ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்று வயிற்றைப் பகிர்ந்துகொள்ள அண்ணலார் காட்டிய வழி திர்மிதீயில் இருக்கின்றது. அதைச் சஹனைச் சுற்றி அமர்ந்துகொண்டே மறந்துவிடுகின்றோம். விருந்தாளி "போதும்" என்ற பின்னும் கறியை அள்ளி வைப்பதை உபசரிப்பு என்கின்றோம்.

நடைக்கும் இதே கதை. ஆண்கள் கடைத்தெருவுக்கேனும் நடக்கின்றார்கள். பெண்களை நான்கு சுவருக்குள் இருத்திவிட்டு, "நடந்தால் சரியாகிவிடும்" என்று அறிவுரை சொல்கின்றோம். எங்கே நடப்பார்கள்? ஊர் ஜமாஅத்துகளை நான் பணிவோடு வேண்டுகின்றேன். ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம், மதரஸாவின் அல்லது பள்ளிக்கூடத்தின் திடலைப் பெண்களுக்கென ஒதுக்கிக் கொடுங்கள். செலவில்லாத மருத்துவமனை அது.

நோயில்லாத உடலுக்கு, ஊரார் நாவுக்கு அஞ்சிக் கத்தியும் ஊசியும் தூளும் வேண்டாம். அளவாக எடை மிகுந்தவர்களுக்கு உணவும் நடையும். அதுவும் குடும்பம் முழுதும் சேர்ந்து. அவற்றால் இயலாமல் நோய் முற்றுகின்றவர்களுக்கு மருத்துவர் காட்டும் ஊசியோ அறுவையோ தவறன்று. இரு தீங்குகளில் இலேசானதை ஏற்பது ஷரீஅத் காட்டிய நெறியே. அவர்கள் அஞ்ச வேண்டியது மார்க்கத்தை அன்று. அறியாமல் தீர்ப்புச் சொல்லும் என் போன்றோரின் அவசரத்தையே.

உடல் நம் சொத்தன்று. நாம் திருப்பி ஒப்படைக்க வேண்டிய அமானிதம். அதனை அளவுகடந்த உணவால் பாழ்படுத்துவதும், பிறர் கண்ணுக்காகச் சிதைப்பதும், கிடைத்த மருத்துவத்தை மறுத்து அழிய விடுவதும் ஒன்றுபோல் மோசடியே ஆகும்.

அந்த அம்மையார் இன்றும் உயிரோடிருக்கின்றார். அண்மையில் அவருடைய இல்லம் சென்று, அன்று நான் சொன்னது தவறு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். திரைக்கு அப்பாலிருந்து சிறிது நேரம் ஓசையில்லை. பின்னர், "இனி யாராவது கேட்டால், டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், ஹஜ்ரத்" என்றார். அவ்வாறே செய்துவருகின்றேன். இக்கட்டுரையும் அவருக்கு நான் பட்ட கடனே.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல நாயன் பூரண சுகத்தை அருள்வானாக! தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவை நமக்குத் தருவானாக! ஆமீன்.